பிணவறை வாசலில் ஒரு பேரம்: வேலையிட விபத்தும் இழப்பீட்டு உரிமையும்

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டி ஆண்டிமடத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணலின் நினைவுச் சொற்பொழிவு என்றால் சாதி ஒழிப்பு, அரசியலமைப்பு, பௌத்தம் என்று எதிர்பார்த்து வருவீர்கள். நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது வேலையிடத்தில் அடிபட்டவருக்கும் இறந்தவருக்கும் முதலாளி கொடுக்க வேண்டிய இழப்பீடு. இலக்கிய அரங்கில் இதை ஏன் பேச வேண்டும் என்று சில தோழர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். அதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதல் பதில் அண்ணலின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1942 முதல் 1946 வரை அவர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலையை 48 மணி நேரமாகக் குறைத்த 1946 திருத்தம் அவர் காலத்தில் வந்தது. தொழிலாளர்களுக்கான நலக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றை வரைந்து தரப் பேராசிரியர் பி.பி. அதார்க்கர் 1943-இல் நியமிக்கப்பட்டதும், 1944-இல் அவர் அறிக்கை தந்ததும் அந்தத் துறையில்தான். அந்த அறிக்கையிலிருந்துதான் 1948-இன் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கி வைக்கிறது என்று எழுதிய மனிதர், அதிகாரம் கைக்கு வந்தபோது அந்த அடுக்கின் அடியில் கிடந்தவர்களின் உடம்பைப் பற்றி யோசித்தார். இந்தப் பக்கத்தை நம் மேடைகள் அதிகம் புரட்டுவதில்லை.

இரண்டாவது பதில், இலக்கியத்தின் மூலப்பொருள் சொல் என்பது. நம் தெருவில் ஒருவர் வேலையிடத்தில் இறந்தால் வருகிற பணத்துக்கு என்னென்ன பெயர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நிவாரணம். கருணைத் தொகை. உதவித் தொகை. காரியச் செலவு. "ஏதோ பார்த்துச் செய்யுங்க சாமி." இவற்றில் ஒன்றுகூடக் கடன் என்று சொல்லவில்லை. எல்லாமே கொடுப்பவரின் மனசைப் புகழ்கிற சொற்கள். வாங்குகிறவர் குனிந்து வாங்க வேண்டிய சொற்கள். சட்டம் வைத்திருக்கும் சொல் இழப்பீடு. ஒருவர் இழந்ததை, அந்த இழப்பால் ஆதாயம் பெற்ற தொழில் ஈடுகட்ட வேண்டும் என்பது அதன் பொருள். நம் வாயில் அந்தச் சொல் வந்து உட்கார வேண்டும். இன்றைய பேச்சின் நோக்கம் அவ்வளவுதான்.

விரகாலூர்

நம் மாவட்டத்திலிருந்தே தொடங்குவோம். 2023 அக்டோபர் 9-ஆம் தேதி விரகாலூரில் ஒரு வெடி தயாரிக்கும் இடத்தில் வெடிவிபத்து நடந்தது. தீபாவளிக்கு முந்தைய மாதம். ஒன்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இறந்தவர் குடும்பத்துக்கு 3 லட்சம், பலத்த காயத்துக்கு 1 லட்சம், லேசான காயத்துக்கு 50,000 ரூபாய் என்று முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து அறிவிக்கப்பட்டது. செய்தித்தாளைப் படித்த பலரும், சரி, பணம் வந்துவிட்டது என்று பக்கத்தைத் திருப்பினார்கள்.

அங்கேதான் நிற்க வேண்டும். அந்த 3 லட்சம் பொதுநிதி.  அரசு கொடுத்த நிவாரணத்தால் முதலாளியின் பொறுப்பில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. 2021 பிப்ரவரி 12-இல் விருதுநகர் மாவட்டம் அச்சன்குளம் பட்டாசு ஆலை வெடித்தபோது, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் என்று நிர்ணயித்தது. வெடிமருந்து ஒன்றுதான், கருகிய தோலும் ஒன்றுதான். யார் கேட்டார்கள், எங்கே கேட்டார்கள், எந்தச் சொல்லால் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை மாறுகிறது.

கடல் தாண்டியும் இதே கதைதான். 2013 ஏப்ரல் 24-இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் ஆடை தைக்கும் பெண்கள். உலகத் தொழிலாளர் அமைப்பின் மேற்பார்வையில் 3 கோடி டாலர் நிதி திரட்ட இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தப் பணத்தைக் கொடுத்த பெரிய ஆடை நிறுவனங்கள் அதை நன்கொடை என்ற கணக்கில்தான் கொடுத்தன. பொறுப்பு என்ற சொல்லைத் தொடாமல் பணம் கொடுக்கும் கலை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

1923-இல் வெள்ளையர் ஆட்சியில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1924 ஜூலை 1 முதல் நடைமுறை. அதற்கு முன்பு, முதலாளியின் தவறால்தான் அடிபட்டேன் என்று கூலியாள் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க அவனிடம் என்ன இருந்தது? இந்தச் சட்டம் அந்தச் சுமையை இறக்கியது. வேலையின் காரணமாகவும், வேலையின்போதும் காயம் ஏற்பட்டது என்றால் போதும். யார் தவறு என்ற கேள்வி தேவையில்லை. தொழில் நடத்துகிறவர் தொழிலின் ஆபத்தையும் சுமக்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020-இன் ஏழாவது அத்தியாயத்துக்குள் போய்விட்டது. அந்தத் தொகுப்புகளில் எங்களுக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. அது வேறு நாளைக்கான பேச்சு. இன்று தெரிந்துகொள்ள வேண்டியது, இழப்பீட்டின் எலும்புக்கூடு மாறவில்லை என்பது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும், முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்து, வேலையோடு தொடர்பு காட்ட முடிந்தால், வேலை விபத்தாகவே கொள்ளப்படும் என்று புதிதாக எழுதப்பட்டிருக்கிறது. விடியற்காலை லோடு வண்டியின் பின்னால் நின்றுகொண்டு வேலைக்குப் போகிற நம் பெண்களுக்கு இது மிக முக்கியம்.

இப்போது கணக்குக்கு வருவோம். மரணம் என்றால் மாதக் கூலியில் பாதியை, வயதுக்கென்று அட்டவணை தரும் எண்ணால் பெருக்க வேண்டும். உழைக்கவே முடியாத நிரந்தர ஊனம் என்றால் கூலியில் 60 விழுக்காட்டை அதே எண்ணால் பெருக்க வேண்டும். கணக்குக்கு எடுக்கும் மாதக் கூலியின் உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். 30 வயதுக்கான எண் 207.98. ஆக, மாதம் 15,000 சம்பாதித்த 30 வயதுக் கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து இறந்தால், 7,500-ஐ 207.98-ஆல் பெருக்குங்கள். 15,59,850 ரூபாய். 40 வயதென்றால் 13,81,275. 50 வயதென்றால் 11,48,175. கட்டைவிரல் போனால் உழைப்புத் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்று அட்டவணையே சொல்கிறது. 40 வயதுக்காரருக்கு அது 4,97,259 ரூபாய். மருத்துவச் செலவு இதற்கு மேல் தனி.

அட்டவணையே கடைசி வார்த்தையும் இல்லை. ஒரு சினிமாக் கொட்டகையின் அலங்கார வேலையில் கீழே விழுந்து, முழங்கைக்கு மேல் இடது கையை இழந்த தச்சரின் வழக்கில் 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது முழு ஊனம் என்றது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கடனாகிவிடுகிறது என்றும் சொன்னது. இந்த இரண்டாவது வரியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தீர்ப்பு வரும் நாளில் பிறக்கும் கடன் அல்ல அது. உடம்பு தரையில் விழுந்த நொடியில் பிறந்த கடன்.

பிணவறை வாசலில் நடப்பது

நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சியைச் சொல்கிறோம். எந்த ஒரு குடும்பத்தையும், எந்த ஒரு நிறுவனத்தையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு வெளியே குடும்பம் உட்கார்ந்திருக்கும். உடலை எப்போது தருவார்கள் என்பதே அவர்கள் கவலை. அந்த நேரம் பார்த்து முதலாளியின் ஆட்கள் வருவார்கள். கூடவே ஊர்ப் பெரியவர் ஒருவர், கட்சிக்காரர் ஒருவர். "கேஸு கோர்ட்டுன்னு போனா பத்து வருஷம் இழுக்கும். இப்ப கையில வாங்கிக்கிட்டு காரியத்தப் பாருங்க." இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று பேரம் படியும். எழுதாத தாளில் கையெழுத்து வாங்குவார்கள். முதல் தகவல் அறிக்கையில் 'நெஞ்சுவலி' என்று வந்துவிடும். சில இடங்களில் செத்தவர் குடித்திருந்தார் என்று ஒரு வரியும் சேரும்.

இந்தப் பேரத்தில் நடுவராக நிற்பவர் யார் என்று பாருங்கள். அவர் ஊரில் இருப்பார், நாம் காலனியில் இருப்போம். நாளைக்கு முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கப் போக வேண்டும் என்றால் அவருடைய காட்டுக்கோ அவருடைய உறவினர் காட்டுக்கோதான் போக வேண்டும். அவர் சொன்ன தொகையை மறுத்தால் வேலை போகும், கடன் கிடைக்காது. சாதி இங்கே கோபமாக வருவதில்லை. அக்கறையாக, ஆறுதலாக, கையில் ஒரு ரூபாய்க் கட்டோடு வருகிறது.

இந்தப் பேரம் சட்டத்தின் முன் நிற்காது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய எந்த ஒப்பந்தமும் செல்லாது. மரண வழக்கில் இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்ததை இழப்பீடு கொடுத்ததாகச் சட்டம் ஏற்பதில்லை. மூன்று மாதக் கூலி வரை முன்பணமாகக் கொடுத்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவே. குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை மீறினார் என்ற வாதங்கள் சிறு காயங்களில் எடுபடலாம். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் எடுபடாது.

ஆணையரிடம் கட்டச் சொல்வதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. பிணவறை வாசலில் பணம் பெரும்பாலும் ஆண்களின் கைக்குப் போகிறது. மாமனார், மைத்துனர், பங்காளி. ஆணையர் வழியாகப் போனால் மனைவிக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு, விதவைத் தாய்க்கு இவ்வளவு என்று பிரித்து, சிறுவர்களின் பங்கை வைப்புத் தொகையாகப் போட முடியும். சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்டு, பதிவும் செய்யாமல், இரண்டு குடும்பமும் கைவிட்ட பெண்ணுக்கு இந்த வழி ஒன்றுதான் மிச்சம். தோழர்களே, திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். காதலுக்குச் சாட்சி தேவையில்லை என்று கவிதையில் எழுதலாம். வாரிசுச் சான்றுக்குத் தேவை.

முதலாளி செய்ய வேண்டியது

இந்த அரங்கில் சிறு தொழில் நடத்துகிறவர்கள், ஒப்பந்ததாரர்கள், மேஸ்திரிகள் இருக்கிறீர்கள். உங்களிடமும் நேராகவே பேசுகிறோம். இழப்பீட்டுக் கோரிக்கையை ஒழுங்காகக் கையாள்வது முதலாளிக்கும் நல்லது.

விபத்துக்கு முன்பே செய்ய வேண்டியவை மூன்று. வேலைக்கு வருகிற ஒவ்வொருவர் பெயரும், வயதும், கூலியும் ஒரு பதிவேட்டில் ஏற வேண்டும். பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ. பதிவு செய்ய வேண்டும். மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு முதலாளி பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு விபத்து நேர்ந்தால் சுமையை அந்தக் கழகம் ஏற்கிறது. ஈ.எஸ்.ஐ. வராத இடத்தில் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்க வேண்டும். உங்களுக்கு இன்ன உரிமை உண்டு என்று வேலைக்குச் சேரும்போதே தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும். 2017-இல் இதைச் சட்டக் கடமையாகவே ஆக்கினார்கள். சொல்லத் தவறினால் 50,000 முதல் 1 லட்சம் வரை அபராதம் என்றும் எழுதினார்கள்.

விபத்து நடந்தால் முதலில் மருத்துவமனை. வேலை செய்யும்போது நடந்த விபத்து என்று உண்மையைச் சொல்லிச் சேர்க்க வேண்டும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் அது ஏற வேண்டும். மரணமோ பலத்த காயமோ என்றால் ஏழு நாளுக்குள் ஆணையருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தொகையைக் கட்ட வேண்டும். தொகையில் தகராறு இருந்தாலும், இவ்வளவு தர வேண்டியிருக்கும் என்று தாமே ஒப்புக்கொள்ளும் அளவையாவது கட்டிவிட வேண்டும். தற்காலிகமாகப் படுத்துவிட்டவருக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாதக் கூலியில் கால் பங்கு. 15,000 ரூபாய்க் கூலிக்கு அது 3,750.

கட்டாமல் இழுத்தால்? ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. முன்பு சொன்ன 15,59,850 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி மட்டும் 1,87,182. நியாயமான காரணம் இல்லாத தாமதம் என்று ஆணையர் கண்டால் 50 விழுக்காடு வரை அபராதம். அதாவது 7,79,925 வரை. அசலும் வட்டியும் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு, அபராதம் முதலாளியின் சொந்தப் பையிலிருந்து என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பிணவறை வாசலில் மூன்று லட்சத்தில் முடித்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிற முதலாளி, உண்மையில் ஒரு பெரிய கடனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார்.

நம்மில் ஒருவரான மேஸ்திரி

இப்போது நமக்குள் பேச வேண்டிய ஒன்று. சித்தாளாகப் போய், கொத்தனாராகி, இன்று பத்து இருபது ஆட்களைச் சென்னைக்கோ திருப்பூருக்கோ கூட்டிப்போகும் மேஸ்திரிகள் நம் தெருக்களில் உருவாகியிருக்கிறார்கள். அது வளர்ச்சிதான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் முதலாளிகள்.

பெரிய கட்டுமான நிறுவனம் வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டால், அந்த நிறுவனமே நேரடிப் பொறுப்பு. தொழிலாளி அதனிடம் கேட்கலாம். ஆனால் அந்த நிறுவனம், கட்டிய தொகையை மேஸ்திரியிடம் திருப்பிக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. தான் குடியிருக்க வீடு கட்டுகிறவர் விஷயம் இன்னும் சிக்கல். கட்டுமானம் அவருடைய தொழில் இல்லை. அங்கே பொறுப்பு மேஸ்திரியின் தலையில் விழவே வாய்ப்பு அதிகம். சாரம் சரிந்தால், மேஸ்திரியின் ஓட்டு வீடும் சேர்ந்து சரியும். லாபம் மேலே போய், ஆபத்து கீழே இறங்கிக் கடைசியில் காலனிக்குள்ளேயே ஒருவரை இன்னொருவருக்கு எதிராக நிறுத்துகிறது.

ஆகவே மேஸ்திரித் தோழர்களே, வாய்ப்பேச்சில் வேலை எடுக்காதீர்கள். காப்பீட்டுச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். உங்கள் ஆட்கள் எல்லோரையும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்ய வையுங்கள். வாரியத்தின் விபத்து உதவி தனி, முதலாளியின் இழப்பீடு தனி. ஒன்று கிடைத்தால் மற்றொன்று போகாது.

கூலியில் சாதி, இழப்பீட்டில் சாதி

சட்டத்தை இவ்வளவு பேசிவிட்டு அதன் உள்ளே இருக்கும் கோணலைச் சொல்லாமல் விட முடியாது. இழப்பீட்டின் அடிப்படை கூலி. கொத்தனாருக்கு நாள் கூலி 600, சித்தாளுக்கு 400 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை. இருவருக்கும் வயது 30. ஒரே சாரம், ஒரே விபத்து. கொத்தனார் குடும்பத்துக்கு 15,59,850. சித்தாள் குடும்பத்துக்கு 10,39,900. ஐந்து லட்சத்துக்கும் மேல் வித்தியாசம். அவள் உயிரோடு இருந்தபோது தினமும் 200 ரூபாய் குறைத்தார்கள். செத்த பிறகு அந்தக் குறைவை 207.98-ஆல் பெருக்கினார்கள். சாதியும் ஆண்மையும் நிர்ணயித்த கூலியைச் சட்டம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் கணக்குப் போடுகிறது. சம கூலிக்கான போராட்டம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமானது என்று நினைக்கக் கூடாது.

அட்டவணைக்கு வெளியே போய் வென்ற வரலாறும் நமக்கு உண்டு. மலக்குழி மரணங்களுக்கு எதிராக சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் 2003-இல் உச்ச நீதிமன்றம் போனது. 2014 மார்ச் 27-இல், 1993 முதல் மலக்குழியில் இறந்த எல்லோருடைய குடும்பத்துக்கும் 10 லட்சம் என்று தீர்ப்பு வந்தது. 2023 அக்டோபர் 20-இல் அது 30 லட்சமானது. அங்கே கூலியைப் பெருக்கவில்லை, வயதைக் கேட்கவில்லை. இறங்கச் சொன்னதே குற்றம் என்ற இடத்திலிருந்து தொகை வந்தது. விரகாலூருக்கு இரண்டு வாரம் கூட ஆகாத நாளில் வந்த தீர்ப்பு அது. பெயரெழுதி, கணக்கெடுத்து, வருடக்கணக்கில் விடாமல் கேட்டவர்களால் வந்தது.

நாம் செய்யக்கூடியது

விபத்து நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தாமதமானால் தக்க காரணம் காட்டலாம். வேலை செய்த ஊருக்குத்தான் அலைய வேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையரிடமே மனு கொடுக்கலாம். சென்னையில் இறந்தவரின் மனைவி ஆண்டிமடத்தில் இருந்துகொண்டே வழக்கு நடத்தலாம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, காயச் சான்று, கூலிக்கு ஏதாவது ஓர் அத்தாட்சி, வாரிசுச் சான்று. இந்த ஐந்தையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூலிச் சீட்டு இல்லையென்றால் மேஸ்திரி அனுப்பிய ஜிபே பதிவும், கூட வேலை செய்தவரின் சாட்சியும் உதவும்.

இந்த அரங்குக்கு எங்கள் கோரிக்கை ஒன்று. நம் எழுத்தாளர்கள் நம் சாவுகளை நிறைய எழுதியிருக்கிறார்கள். ஒப்பாரியை இலக்கியமாக்கியதில் நமக்குப் பெருமை உண்டு. அதோடு, ஒவ்வொரு காலனியிலும் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர், வயது, வேலை, இடம், நாள், கிடைத்த தொகை, கிடைக்க வேண்டியிருந்த தொகை என்று ஒரு நோட்டுப் புத்தகம் எழுதத் தொடங்குங்கள். கடைசி இரண்டு பத்திகளுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம்தான் நம் சமூகத்திடம் இந்தத் தொழில்கள் பட்டிருக்கும் கடன். அண்ணல் நமக்குப் படிக்கச் சொன்னார். கணக்கையும் சேர்த்தே படிக்கச் சொன்னார் என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

அடுத்த முறை பிணவறை வாசலில் யாராவது ரூபாய்க் கட்டோடு வந்தால், நம் தெருவிலிருந்து ஒருவராவது முன்னால் போய், "ஆணையரிடம் கட்டுங்கள், நாங்கள் அங்கே வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்ல வேண்டும். குரலை உயர்த்த வேண்டியதில்லை. தெளிவாகச் சொன்னால் போதும்.